அன்றாட வாழ்வில் இறைநம்பிக்கை: முன்ஷி அப்துல்லாவின் தன்வரலாறு பற்றிய ஒரு திறனாய்வு

சமய இலக்கியம் என்றவுடன் தமிழ் மாணவர் உள்ளத்தில் முதலில் தோன்றுவன காப்பியங்களும் துதிப்பாடல்களுமே ஆகும். இசுலாமியத் தமிழ் இலக்கியத்திலும் நிலை இதுவே. உமறுப் புலவரின் சீறாப்புராணமும் குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பாடல்களும் இலக்கிய வரலாற்று நூல்களில் உறுதியான இடம் பெற்றுவிட்டன. முன்னது நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழ்க் காப்பிய மரபில் நாட்டு வளம், நகர் வளம் என விரித்துரைப்பது. பின்னது உலகைத் துறந்த ஞானி ஒருவரின் உள்ள உருக்கத்தை வெளிப்படுத்துவது. இவ்விரண்டுக்கும் இடையே பெரியதோர் இடைவெளி உள்ளது. காலையில் எழுந்து தொழுது, வேலைக்குச் சென்று, கூலி பெற்று, கடன் அடைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, அவர்களுள் ஒருவரைப் பறிகொடுத்துக் கலங்கும் எளிய முஸ்லிம் ஒருவரின் உள்ளத்தில் நம்பிக்கை எவ்வாறு இயங்குகிறது? இவ்வினாவுக்குக் காப்பியமும் விடை தருவதில்லை. ஞானப் பாடலும் விடை தருவதில்லை. அதற்குரிய விடையை உரைநடையில், அதிலும் தன்வரலாற்றில்தான் தேட வேண்டும்.

அத்தகைய தன்வரலாறு ஒன்று மலேசிய மண்ணிலேயே தோன்றியுள்ளது. அது மலாய்மொழியில் எழுதப்பட்டது. ஆயினும் எழுதியவரின் குடிவழி நாகூர் வழியே வந்தது. மலாக்காவில் 1796இல் பிறந்த அப்துல்லா பின் அப்துல் காதிர் எனும் முன்ஷி அப்துல்லா இயற்றிய 'ஹிகாயத் அப்துல்லா'வே அந்நூல். 1843இல் எழுதி முடிக்கப்பெற்று 1849இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்த இந்நூல், நவீன மலாய் இலக்கியத்தின் தொடக்கமாகப் போற்றப்படுகிறது. இராபிள்சைப் பற்றியும் பழைய மலாக்காவைப் பற்றியும் அறிய வரலாற்றாசிரியர்கள் இதனை நாடுவர். ஆனால் இந்நூலைச் சமய உள்ளத்தின் ஆவணமாகப் படிப்போர் குறைவு. அவ்வாறு படிக்கும்போது அது காட்டும் காட்சி வேறாகிறது.

குடிவழியும் பிறப்பும்

அப்துல்லாவின் முன்னோர் ஏமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே மணம் புரிந்து குடியமர்ந்தவர். அவர் வழித்தோன்றல் ஒருவர் மலாக்காவுக்கு வந்து பெரி ஆச்சி எனும் பெண்ணை மணந்தார். இவர்களின் மகன் அப்துல் காதிரே நூலாசிரியரின் தந்தை. 'ஆச்சி' என்னும் சொல்லும், அவ்வம்மையாரின் தந்தை பெயரில் காணும் 'லெப்பை' என்னும் சொல்லும் அக்குடும்பத்தின் தமிழ்த் தொடர்பை ஐயமற உணர்த்துகின்றன. அக்காலத்து மலாக்காவில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கமாக இருந்தது. இந்திய வணிகர் மிகுந்திருந்த அந்நகரில் கணக்குக்கும் பேச்சுக்கும் தமிழ் வேண்டியிருந்தது. அம்மரபின்படி அப்துல்லாவும் தமிழாசிரியரிடம் அனுப்பப்பட்டார். அவர் தமிழ் கற்ற செய்தியைத் தம் நூலிலேயே குறிப்பிடுகிறார்.

அவருக்கு முன் பிறந்த ஆண் மக்கள் நால்வரும் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபட்டனர். அழுது அழுது நைந்த தாய்க்கு அரபுப் பெரியார் ஒருவர் ஆறுதல் கூறி, மீண்டும் ஓர் ஆண் மகவு பிறக்கும் என்றும் அதற்குத் தம் பெயரையே இடுமாறும் சொன்னார். அவ்வாறு பிறந்து 'அப்துல்லா' எனப் பெயர் பெற்றவரே இவர். நோயுற்ற குழந்தை, பெற்றோரிடம் தங்காது என்று அஞ்சிப் பிறரிடம் 'விற்கப்பட்டது'. பல தாய்மாரிடம் பாலுண்டு வளர்ந்தது. தமிழகத்துச் சிற்றூர்களில் பிள்ளை தங்காத வீட்டார் குழந்தையைத் தவிட்டுக்கு விற்று வாங்குவதையும் குப்பை, பிச்சை எனப் பெயரிடுவதையும் அறிந்தவர்க்கு இவ்வழக்கம் அயலாகத் தோன்றாது. சமயங்கள் வேறாயினும் பெற்ற வயிற்றின் அச்சம் ஒன்றே என்பதை இப்பகுதி விளக்கமின்றியே உணர்த்திவிடுகிறது.

பாட்டியின் ஓதும் பள்ளி

நூலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று பள்ளி வாழ்வைப் பற்றியதாகும். கம்போங் பாலியில் குர்ஆன் ஓதக் கற்பித்த தலைமை ஆசிரியர் ஒரு பெண்மணி. அவரே அப்துல்லாவின் பாட்டி. ஏறத்தாழ 200 ஆண், பெண் பிள்ளைகள் அவரிடம் பயின்றனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்த ஒருவரின் நினைவில் இத்தகைய பெண் ஆசிரியர் ஒருவர் இடம்பெற்றிருப்பது எண்ணத் தக்கது. சமயக் கல்வி என்றால் ஆடவர்க்கே உரியது என்னும் எண்ணத்தை இச்செய்தி ஒன்றே அசைத்துவிடுகிறது.

பள்ளியில் வழங்கிய தண்டனைகளை அப்துல்லா ஒன்றன்பின் ஒன்றாகப் பெயரிட்டு விளக்குகிறார். விரல்களை இடுக்கியில் வைத்து நெரித்தல், சங்கிலியால் பிணித்தல், புகையில் வாட்டுதல் என அப்பட்டியல் நீள்கிறது. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் வழங்கிய கோதண்டத் தண்டனையை அறிந்தோர் இதைப் படிக்கையில் வியப்படையார். குறிப்பிடத்தக்கது என்னவெனில், இறைமொழியைக் கற்பித்த இடத்தில் நிகழ்ந்தமையால் இக்கொடுமையும் புனிதமாகிவிட்டது என்று அவர் எண்ணவில்லை. கொடுமையாக இருந்தமையால் ஓதியதே வீண் என்றும் எண்ணவில்லை. இரண்டையும் பிரித்தறியும் தெளிவு அவரிடம் இருந்தது. நம்பிக்கை உடையவன் தன் சமூகத்தின் வழக்கங்களை ஆராயக் கூடாது என்னும் கொள்கைக்கு அவர் வாழ்வே மறுப்பாகும்.

இத்தெளிவின் உச்சம் மொழிக் கல்வி பற்றிய அவர் கருத்தில் வெளிப்படுகிறது. பிள்ளைகள் அரபு எழுத்தை ஓதுகின்றனர், பொருள் உணர்வதில்லை. தாம் பேசும் மலாய்மொழியையோ யாரும் முறையாகக் கற்பதில்லை. அது பிறப்பிலேயே வந்துவிடும் என்று எண்ணுகின்றனர். இந்நிலையை அவர் மீண்டும் மீண்டும் கடிந்துரைக்கிறார். இங்கே அவர் ஓதுதலைக் குறை கூறவில்லை. பொருளறியாமல் நின்றுவிடும் சோம்பலையே குறை கூறுகிறார். தாய்மொழியைப் பேணாதவன் தன் இறைவனிடம் தன் உள்ளத்தைத் திறந்து கூறவும் சொல்லற்றுப் போவான் என்பதே இக்கண்டனத்தின் உட்கிடை எனலாம். தமிழாசிரியர்கள் இப்பகுதியை ஊன்றிப் படிப்பது நன்று. வீட்டில் பேசும் மொழியைப் பள்ளியில் எதற்குக் கற்க வேண்டும் எனக் கேட்கும் பெற்றோர்க்கு அப்துல்லா அன்றே விடை கூறியிருக்கிறார்.

தொழிலும் நேர்மையும்

அப்துல்லா துறவி அல்லர். எழுத்தைத் தொழிலாகக் கொண்டு குடும்பம் நடத்தியவர். குணங்குடியார் 1792இல் பிறந்து 1838இல் மறைந்தார். ஆகவே இருவரும் ஒரே காலத்தவர். ஒருவர் இளமையிலேயே வீட்டைத் துறந்து இறைவனைத் தேடினார்; மற்றவர் வீட்டுக்குள்ளேயும் கடைத்தெருவிலேயும் இறைவனை மறவாதிருக்க முயன்றார். முதல்வரின் வழி அரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் பெரும்பாலோர்க்கு வாய்ப்பது இரண்டாம் வழியே. அதன் இடர்ப்பாடுகளைச் சொல்லும் நூல்களோ மிகச் சில.

மலாக்காக் கோட்டையில் இருந்த முஸ்லிம் சிப்பாய்களுக்குக் குர்ஆன் ஓதக் கற்பித்து அவர் பொருள் ஈட்டினார். அவர்களிடமிருந்தே இந்துஸ்தானி மொழியைக் கற்றார். அவரை முதன்முதல் 'முன்ஷி' என அழைத்தவர்கள் அவர்களே. பின்னர் உலகம் முழுதும் அறிந்த பட்டம் அரசவையில் கிடைத்ததன்று. ஓதிக் கொடுத்த ஆசிரியர்க்கு மாணவர் வழங்கியது. ஆசிரியப் பணியின் பெருமைக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பின்பு இராபிள்சிடம் எழுத்தராகவும், இலண்டன் மறைப்பணிக் கழகத்தைச் சேர்ந்த மில்ன், தாம்சன் ஆகியோர்க்கு மலாய் ஆசிரியராகவும் பணியாற்றினார். இங்கேதான் அவர் நம்பிக்கை கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. ஆங்கிலம் கற்றால் கிறித்துவராகிவிடுவார் என்று ஊரார் பேசினர், தந்தையும் சினந்தார். மில்ன் நேரில் வந்து, தாம் கற்பிப்பது மொழியே அன்றி மதமன்று என விளக்கிய பிறகே தந்தை அமைதியுற்றார். ஆயினும் ஊரார் வாய் அடங்கவில்லை. 'அப்துல்லா பாதிரி' என்னும் பட்டப்பெயரை அவர் நெடுங்காலம் சுமக்க வேண்டியிருந்தது.

கிறித்துவ மறைநூலை மலாயில் பெயர்க்கும் பணியில் ஒரு முஸ்லிம் துணை நிற்கலாமா? இவ்வினாவை அப்துல்லா தத்துவ முறையில் விவாதிக்கவில்லை. தம் தொழிலைத் திருத்தமாகச் செய்வதன் மூலமே அதற்கு விடை கூறினார். தாம்சனோடு அவர் மாறுபட்டது கொள்கை பற்றியன்று. மலாய்ச் சொற்றொடர் பற்றியே. ஆங்கில நடையை அப்படியே மலாயில் பெய்தால் மலாய்க்காரர்க்கு விளங்காது என அவர் வாதாடினார். மொழியில் பிழை நேர்ந்தால் ஆசிரியராகிய தம்மையே உலகம் பழிக்கும் எனவும் வருந்தினார். பிறர் சமய நூலாயினும் தம் கையில் ஒப்படைக்கப்பட்ட பணி ஓர் அமானிதம். அதில் கலப்படம் கூடாது என்னும் உணர்வே அவரை இயக்கியது எனக் கொள்ளலாம். வாங்கிய கூலிக்கு நேர்மையாக உழைப்பதும் வழிபாட்டின் ஒரு கூறே என்பதை அவர் சொல்லால் விளக்காமல் செயலால் காட்டினார்.

இவ்விடத்தில் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையை நினைவுகூர்வது பொருத்தமாகும். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய பிள்ளையும் அயலார் ஆட்சிக்கும் தம் மக்களுக்கும் இடையே நின்றவர். வைணவ நெறியினரான அவரும் பிரெஞ்சுப் பாதிரிமாரின் பகையைத் தாங்கித் தம் நெறியில் நின்றார். இடையில் நிற்பவனின் வாழ்வு இரு பக்கத்தாராலும் ஐயுறப்படும் என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

பேய்க்கதையும் பெரியார் வாக்கும்

அப்துல்லாவின் சிந்தனையில் முரண் இல்லையா எனின், உண்டு. மலாய் மக்களிடம் வழங்கிய பேய், பூதக் கதைகளை மில்ன் வினவியபோது, குடல் தொங்கப் பறக்கும் 'பெனாங்காலான்' முதலியவற்றை அவர் படமாகவே வரைந்து காட்டுகிறார். அவற்றை நம்புவோரை எள்ளி நகையாடுகிறார். அதே அப்துல்லா, தம் பிறப்பை முன்னறிந்து கூறிய பெரியாரின் வாக்கைச் சிறிதும் ஐயமின்றி ஏற்கிறார். ஒன்றை மூடநம்பிக்கை என்றும் மற்றொன்றை அருள்வாக்கு என்றும் பிரிக்கும் எல்லைக்கோடு எது?

அவர் இதற்கு விளக்கம் தரவில்லை. நூலை முழுமையாக நோக்கும்போது ஒரு விடை புலனாகிறது. அச்சத்தை வளர்த்து மனிதனை அடிமைப்படுத்துவதை அவர் ஏற்பதில்லை. துயருற்ற நெஞ்சைத் தேற்றி எழச் செய்வதை ஏற்கிறார். இந்த அளவுகோல் தருக்க முறைப்படி வலுவுடையதன்று. எனினும் அன்றாட வாழ்வில் பெரும்பாலான இறைநம்பிக்கையாளர் கைக்கொள்ளும் அளவுகோல் இதுவே ஆகும். இம்முரணை மறைக்காமல் விட்டமையாலேயே நூல் உயிருள்ள மனிதர் ஒருவரின் வரலாறாக நிற்கிறது. முரணற்ற நம்பிக்கையாளரைச் சமய விளக்க நூல்களில் மட்டுமே காண இயலும்.

துயரத்தின் நடுவே

மகள் சித்தி லேலாவின் மரணம் பற்றிய செய்தி இந்நூலில் நெஞ்சை உலுக்குவதாகும். சிறுமியாயிருந்த மகளை இழந்த மனைவி ஆற்றொணாத் துயரில் ஆழ்ந்தார். சொல்லித் தேற்ற இயலாத நிலையில் அப்துல்லா எழுதுகோலை எடுத்தார். மக்களை இழந்த பெற்றோர்க்கு ஆறுதலாக 'தவாவுல் குலூப்' என்னும் நூலை எழுதினார். 'உள்ளங்களின் மருந்து' என்பது அதன் பொருள். பின்னர் அம்மனைவியையும் இழந்தார். மலாக்காவை விட்டுச் சிங்கப்பூரில் நிலையாகக் குடியேறினார்.

இந்நிகழ்ச்சியில் அவர் நம்பிக்கையின் இயல்பு முழுமையாக விளங்குகிறது. பொறுமையாயிரு என்று அறிவுரை கூறுதல் எளிது. அது சமயவாதி எவரும் செய்வது. அழுகின்ற மனைவிக்காக ஒரு நூலையே எழுதுதல் எளிதன்று. இறைவன் நாட்டம் இதுவென ஏற்பதும், ஏற்க முடியாமல் தவிக்கும் ஓர் உயிரின் அருகில் அமர்வதும் அவருக்கு ஒரே கடமையின் இரு பகுதிகளாயின. தம் தாய்க்கு ஒரு பெரியார் செய்த ஆறுதற்பணியைப் பல்லாண்டுகட்குப் பின் அவர் தம் மனைவிக்குச் செய்தார். அத்துயரைத் தம் வீட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், அதே துயருற்ற ஏனையோர்க்கும் பயன்படுமாறு எழுதியமை எண்ணி மகிழத் தக்கது. தமிழில் கையறுநிலை என்னும் துறை உண்டு. அது இறந்தோரைப் பாடுவது. அப்துல்லா எழுதியதோ இருப்போரை வாழச் செய்வதற்காக ஆகும்.

இறுதிப் பயணம்

1854இல் அப்துல்லா ஹஜ் கடமைக்காகச் சிங்கப்பூரிலிருந்து கப்பலேறினார். அப்பயணத்தையும் எழுதி வந்தார். கன்னியாகுமரி முனைக்கருகே புயலில் சிக்கிய கப்பலில் அனைவரும் உயிருக்கு அஞ்சி இறைவனை வேண்டிய காட்சியை அவர் வரைந்துள்ளார். கேரளக் கரைத் துறைகளையும் அரபுத் துறைகளையும் கடந்து மக்கா சென்றடைந்தார். அங்குக் குறிப்புகள் நின்றுவிடுகின்றன. அவ்வாண்டிலேயே, ஊர் திரும்பாமல், அவர் உயிர் நீத்தார். 'பாதிரி' என ஊரார் பழித்த மனிதரின் வாழ்வு மக்காப் பயணத்தில் நிறைவுற்றது. எதிர்வாதம் எதுவும் எழுதாமலேயே அப்பழி துடைக்கப்பட்டது.

நூலின் குறைகள்

திறனாய்வு புகழுரையாக நின்றுவிடலாகாது. அப்துல்லா ஆங்கில ஆட்சியை அளவுக்கு மீறிப் புகழ்ந்தார் என்னும் குற்றச்சாட்டு நெடுங்காலமாக உள்ளது. அது அடிப்படையற்றதன்று. மலாய் மன்னர்களின் கொடுமையைக் காண்பதில் கூர்மையான அவர் கண், அயலாட்சியின் தன்னலத்தைக் காண்பதில் மங்கிவிடுகிறது. 1838இல் கிளந்தான் சென்ற பயணத்தில், வளமான நிலம் இருந்தும் மக்கள் வறுமையில் உழல்வதைக் கண்டு மன்னர்களைச் சாடினார். அச்சாட்டுதலில் நியாயம் இருந்தது. ஆட்சி என்பது இறைவன் ஒப்படைத்த பொறுப்பு என்னும் அளவுகோலால் மன்னரை அளந்த அவர், அதே கோலால் கும்பினியாரை அளக்கவில்லை. தம் கல்வியைப் பற்றிய செருக்கும் ஆங்காங்கே தலைகாட்டுகிறது. ஏழை மலாய்க்காரரின் அறியாமையை நகைக்குமிடத்து, அந்த அறியாமைக்குக் காரணமான நிலைமைகளை அவர் போதிய அளவு ஆராயவில்லை.

இக்குறைகளை மறைத்துவிட்டு அவரைச் சமயச் சான்றோராக மட்டும் காட்டுவது பிழை. குறைகளையே பெரிதாக்கி அவரை அயலார் கைப்பாவை எனத் தள்ளுவதும் பிழை. நம்பிக்கை ஒருவரைக் குறையற்றவராக்குவதில்லை. தம்மைத் தாமே வினவிக்கொள்ளும் கடமையை அவர்மேல் சுமத்துகிறது. அக்கடமையை அவர் பல இடங்களில் நிறைவேற்றினார். சில இடங்களில் தவறினார்.

ஜொகூர்ப் பள்ளிகளுக்கு இந்நூல் ஏன் வேண்டும்?

அப்துல்லாவின் மகன் முகமது இப்ராகிம் முன்ஷி தந்தையின் எழுத்துமரபை ஜொகூருக்குக் கொணர்ந்தார். ஜொகூர் அரசில் பணியாற்றி 'டத்தோ பெந்தாரா டாலாம்' என்னும் பதவியை அடைந்த அவர், 1871-72ஆம் ஆண்டுகளில் மேற்கொண்ட பயணங்களைத் தந்தையைப் போலவே நூலாக எழுதினார். எனவே மலாக்காவில் தோன்றிச் சிங்கப்பூரில் வளர்ந்த இம்மரபின் மற்றொரு கிளை ஜொகூர் மண்ணுக்கே உரியது.

தந்தையார் மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடல்வழியே சென்று வந்தார். இன்று அவ்விரு நகரங்களுக்கிடையே தரைவழியாகச் செல்வோர் கடக்கும் ஊர்களுள் ஒன்று செனாய். அவ்வூரின் விமான நிலையம் 1974இல் திறக்கப்பட்டது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கடையில் சீனம், அலுவலகத்தில் ஆங்கிலம் என ஒரே நாளில் பல மொழிகளைக் கடக்கும் செனாய் மாணவனுக்கு அப்துல்லாவின் வாழ்வு பழங்கதையன்று. தமிழ், மலாய், அரபு, இந்துஸ்தானி, ஆங்கிலம் ஆகிய ஐம்மொழிகளோடு பழகியும் தம் நெறியை இழக்காத ஒருவரை அவன் இந்நூலில் காண்கிறான். மேலும், தமிழகத்து மாணவர்க்கு இல்லாத நற்பேறு அவனுக்கு உண்டு. மூலநூலை மலாயிலேயே அவன் படித்துணரலாம்.

தமிழில் இவ்வகை எழுத்து பின்னரே வளர்ந்தது. இலங்கையில் சித்தி லெப்பை 1885இல் 'அசன்பே சரித்திரம்' வெளியிட்டார். சிங்கப்பூரில் மகதூம் சாயபு 1887இல் 'சிங்கை நேசன்' இதழைத் தொடங்கினார். தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை' 1988இல் வந்தபோது, ஊர்ப் பெரியதனத்தையும் போலிச் சமயத்தையும் உள்ளிருந்தே வினவும் முஸ்லிம் குரல் தமிழ்ப் புதினத்தில் உரத்து ஒலித்தது. அக்குரலுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னோடியாக மலாக்காவில் ஒரு குரல் இருந்தது என்பதை இலக்கிய வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

வகுப்பறையில் சமய இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர், காப்பியச் சிறப்புகளைப் பட்டியலிட்டு முடித்துவிடுதல் போதாது. 200 பிள்ளைகளுக்கு ஓதக் கற்பித்த பாட்டியையும், பிறர் மறைநூலின் மொழிக்காக வாதாடிய ஆசிரியரையும், மகளை இழந்த மனைவிக்காக நூல் எழுதிய கணவரையும் மாணவர்க்கு அறிமுகப்படுத்த வேண்டும். பிற சமயத்தான் ஒருவன் தன் இறைவனோடு எவ்வாறு நாள்தோறும் வாழ்கிறான் என்பதை உணர்ந்த மாணவன், அவனை வெறுக்கக் கற்றுக்கொள்ளான். பல்லின மக்கள் வாழும் நாட்டில் இலக்கியக் கல்வி ஆற்றக்கூடிய பெரும்பணி இதுவே.